நன்றியுரை: செல்வி சம்பூரணம்

கரண்ட் போய்விட்டது. மின்விசிறி நின்றது எனக்குக் காதில் தெரியவில்லை, கழுத்தில்தான் தெரிந்தது, வியர்வை ஒரு கோடாக முதுகுக்குள் இறங்கியபோது. இடது பக்கம் என் தோளுயரத்துக்கு நிற்கிற ஸ்பீக்கர் பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறது. மேடையில் பிரகாசி மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், என்னவோ சொல்கிறாள். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். மைக் இல்லாமலே வாசிக்கிறேன் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், மைக்கை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டாளே. வேண்டாம் அம்மா, கொஞ்ச நேரம் பார்க்கலாம், வந்துவிடும், எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அதிக நேரம் போகாது என்று யாராவது சொல்ல மாட்டார்களா. தலைவர் நாச்சிமுத்து சொல்லலாம். அவர் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குட்டையால் விசிறிக்கொண்டு, வாசிங்க வாசிங்க என்று கையைக் காட்டுகிறார். எழுபத்து நாலு வயதிலும் அவருக்கு ஈ பறந்தால் கேட்கும். பிரகாசியின் உதடுகள் அசையத் தொடங்கிவிட்டன. கதை ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஆரம்பிக்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் நான் எழுந்து நின்று, இந்தக் கதை எவ்வளவு அருமையான கதை என்று சொல்ல வேண்டும்.

இருபத்தாறு வருஷமாக நான்தான் சொல்கிறேன். எங்கள் ஞாயிறு வாசகர் சபை மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, வியாபாரிகள் சங்கக் கட்டடத்தின் மாடியில் கூடும். யாராவது ஓர் எழுத்தாளர் வருவார், வாசிப்பார், கேள்வி கேட்போம், பதில் சொல்வார். அழைப்பிதழில் வரவேற்புரை செய்பவர் மாறுவார், முன்னிலை மாறும், கடைசி வரி மட்டும் மாறாது: நன்றியுரை, செல்வி சம்பூரணம். அறுபத்து மூன்று வயதில் செல்வி. அதை எடுத்துவிடலாமே என்று ஒருமுறை நாச்சிமுத்துவிடம் கேட்டேன். "ஏனுங் அம்மிணி, அது உங்க பேரோட சேர்ந்தே போச்சுங்களே" என்றார். விதைக்கடை வைத்திருந்தவர், எதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், இதை மட்டும் பிரிக்க முடியாது என்கிறார். இருக்கட்டும். மாதத்தின் மற்ற நாட்களில் என் பெயரை யார் சொல்கிறார்கள்? பால்காரர் அம்மா என்பார். எதிர்க்கடையில் டீச்சரம்மா என்பார்கள், நான் ஒரு நாளும் டீச்சராக இருந்ததில்லை, திருத்தவும் இல்லை. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஒருவர் மேடையில் நின்று என் பெயரை முழுசாகச் சொல்லி, கையை என் பக்கம் நீட்டுவார். அதற்காகவே இரண்டு வருஷமாக இந்த ஏற்பாடெல்லாம். அரைமணி நேரம் முன்னதாகவே வந்து ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டின நாற்காலியைப் பிடித்துக்கொள்வது. இடது காது அதன் பக்கம் இருக்கும்படி, மேடைக்குக் கோணலாக உட்கார்வது. வருகிறவரின் புத்தகங்களை எல்லாம் முன்கூட்டியே வரவழைத்துப் படித்து, சொல்ல வேண்டியதை ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொள்வது. பிரகாசியின் இரண்டு புத்தகங்களையும் படித்துவிட்டேன். கடற்கரை ஊர் ஒன்றில் நர்ஸாக இருக்கிறாள், நாற்பது வயதிருக்கும், படகும் மீனும் மருந்து வாசனையுமாக எழுதுகிறாள். அட்டையில் பதினோரு வரி இருக்கிறது. ஆனால் கரண்ட் போவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், மைக்கில், தெளிவாக, அவள் சொன்னது எனக்கே கேட்டது. "புத்தகத்துல இருந்து வாசிக்கப் போறதில்ல. முந்தாநாள்தான் ஒரு கதை முடிச்சேன். யாருமே இன்னும் படிக்கல. உங்களுக்குத்தான் முதல்ல." எல்லாரும் கைதட்டினார்கள். என் கையில் அட்டை ஈரமாகிவிட்டது.

நான் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தவள். முப்பத்து நாலு வருஷம். ஜட்ஜ் வாயில் வெற்றிலையோடு சொல்வார், சளியோடு சொல்வார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தனக்குத்தானே சொல்வார், ஒரு சொல் விடமாட்டேன். சம்பூரணம் எடுத்தால் திரும்பக் கேட்க வேண்டியதில்லை என்பார்கள். சுருக்கெழுத்தில் மெய்யைத்தான் போடுவோம். உயிரை விட்டுவிடுவோம். கோடும் வளைவும் எல்லாம் மெய்தான், உயிரெழுத்துக்கு ஓரத்தில் ஒரு புள்ளி, அவசரத்தில் அதுவும் இல்லை. பிறகு தட்டச்சு செய்யும்போது வெறும் மெய்களைப் பார்த்து உயிரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. இப்போது அது தலைகீழாகிவிட்டது. மெய் எல்லாம் எங்கேயோ உதிர்ந்துவிட்டது, உயிர் மட்டும் வந்து சேர்கிறது. ஆ, ஈ, ஓ, ஓ. பசி என்றாலும் வழி என்றாலும் தனி என்றாலும் எனக்கு ஒன்றுதான். நடுவே கொசு இரைகிற மாதிரி ஓர் ஓயாத ரீங்காரம். கோயம்புத்தூரில் டாக்டர் ஒரு படம் போட்டுக் காட்டினார், கட்டம் போட்ட தாளில் என் காது இடமிருந்து வலமாக ஏரிக்கரைச் சரிவு மாதிரி இறங்கிக்கொண்டே போயிற்று. மெஷின் வைக்கலாம், நல்லாக் கேட்கும், பழகணும், அவ்வளவுதான் என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் பல்லடம் தாண்டுகிறவரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? சுவரைக் கேட்கலாம். அதற்கப்புறம் அந்த டாக்டரிடம் போகவில்லை. மெஷின் வைத்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? என்ன என்று எனக்குத் தெரியும். அதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது உதட்டைப் பார்க்க வேண்டும்.

உதட்டையும் பார்க்க முடியவில்லை, நோட்டை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு வாசிக்கிறாள். இப்படிப் பிடித்துக்கொள்கிறவர்கள் கூச்சக்காரர்கள். மாசிலாமணியும் அப்படித்தான் பிடித்திருந்தார். ஐயோ, அவர் ஞாபகம் வேண்டாம். வந்துவிட்டது. போன மாதம் வந்த கவிஞர் மாசிலாமணி, கரூர்க்காரர், அறுபது வயது, மெலிந்த மனிதர். அவர் கவிதைகளை முன்னாடியே இரண்டு முறை படித்திருந்தேன். அதில் மனைவியைப் பற்றி ஒரு கவிதை, அந்த அம்மா அரிசி களைகிற சத்தத்தைப் பற்றி. அதைத்தான் கடைசியில் வாசித்தார். வாசித்துவிட்டு மைக்கை விட்டு விலகி நின்று இரண்டு நிமிஷம் ஏதோ பேசினார். மைக்கை விட்டு விலகினால் எனக்கு ஒன்றும் இல்லை. நான் எழுந்து அட்டையில் இருந்ததை எல்லாம் அழகாகச் சொல்லிவிட்டு, அட்டையில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். என்ன கிறுக்கு எனக்கு, அட்டையோடு நின்றிருக்கலாம். "அடுத்த முறை வரும்போது கவிஞர் தம் துணைவியாரையும் கட்டாயம் அழைத்து வரவேண்டும், அந்தக் கைகளுக்கு எங்கள் சபை ஒரு மாலை போட வேண்டும்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டார். மாசிலாமணி என்னைப் பார்த்துக் கும்பிட்டார், ரொம்ப நேரம் கையை இறக்காமல். வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நான் கவிதைகளைத்தான் படித்திருந்தேன், முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. 'சென்ற தை மாதம் என்னை விட்டுப்போன அவளுக்கு' என்று இருந்தது. அப்படியானால் மைக்கை விட்டு விலகி அவர் சொன்னது அதைத்தான். ஊரே கேட்டுக்கொண்டிருக்க, அதைச் சொல்லி முடித்த மனிதரிடம், இரண்டு நிமிஷம் கழித்து, நான். ஒரு மாதமாக யாரும் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மிணிக்கு வயசாயிருச்சு, கவனம் தப்புது என்று தங்களுக்குள் பேசியிருப்பார்கள். பேசட்டும். கவனமில்லாதவள் என்று நினைத்துக்கொள்ளட்டும், கல்நெஞ்சுக்காரி என்றுகூட நினைக்கட்டும். செவிடு என்று தெரிவதைவிட அது மேல் என்று ஒரு மாதமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த மனிதரின் கும்பிட்ட கை மட்டும் அதற்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறது.

பிரகாசி நோட்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டாள். நல்ல காலம். முகம் தெரிகிறது. சிரிக்காமல், கண்ணை அகல விரித்து, ரொம்ப உணர்ச்சியோடு வாசிக்கிறாள். குரலும் கொஞ்சம் எழும்பியிருக்கிறது. ஓ ஈ. என்ன அது? மறுபடியும், ஓ ஈ. அடிக்கடி வருகிறது அந்தச் சொல். ஓவும் ஈயும். தோழி. ஆமாம், தோழி. தோழியைப் பற்றிய கதை. பிடித்துவிட்டேன். எழுதுகிற கையை ஒருமுறை உதறிக்கொண்டேன், பழைய சம்பூரணம் இன்னும் செத்துப்போகவில்லை. இன்னும் பிடிக்க வேண்டும். 'ஆ ஈ அ' என்று வருவது ஆபீசர். கையை இடுப்பில் வைத்துக் காட்டுகிறாளே, அதிகாரி தோரணை. வாசல் கதவைத் தட்டுகிற மாதிரி காற்றில் தட்டுகிறாள். போர்வையை இழுத்து மூடுகிற மாதிரி ஒரு கை. சரி. ஒருத்தி தன் தோழியைப் போர்வைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள், ஆபீசர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள், தோழியைக் கொண்டுபோய்விடுவார்கள். எதற்காகக் கொண்டுபோகிறார்கள்? அகதியாக இருக்கலாம். கடற்கரை ஊர்தானே, படகில் வந்தவளாக இருக்கலாம். பாவம். அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுக்கொண்டேன், சுருக்கெழுத்தில்: தோழமை, ஒளித்துவைத்தல், உலகமே கதவைத் தட்டினாலும் விட்டுக்கொடுக்காத கை. நன்றாக இருக்கிறது. இதை வைத்து ஐந்து நிமிஷம் பேசிவிடலாம். எனக்கும் ஒரு தோழி இருந்தாள், வள்ளிநாயகி, கோர்ட்டில் என் பக்கத்து டைப்ரைட்டர். கோபிக்கு மாற்றலாகிப் போனாள், முதலில் கடிதம் போட்டாள், அப்புறம் போன். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு. காது இறங்கத் தொடங்கியபோது முதலில் தொலைந்தது போன்தான். அவள் பேசப் பேச வெறும் ஆவும் ஓவும், நான் ஆமா ஆமா என்பேன், அவள் எதற்கு ஆமா என்கிறே என்பாள் போலிருக்கிறது, அதற்கும் ஆமா. ஒரு ஞாயிறு போனை எடுக்கவில்லை. மேஜையில் அவள் பெயர் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்குகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு ஞாயிறு அடித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். கோபித்துக்கொண்டாளோ, உடம்புக்கு முடியவில்லையோ. ஒளித்துவைக்க எனக்கும் ஆள் இருந்தது, நான் கதவைத் திறந்து விட்டுவிட்டேன்.

சிரிக்கிறார்கள். யாரோ ஒருவர் இல்லை, எல்லாரும். நாச்சிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், தோள் குலுங்குகிறது. நானும் சிரித்தேன். ஒரு கணம் தாமதமாக, வாயை மூடினபடி, ரசனையுள்ளவர்கள் சிரிக்கிற மாதிரி. ஆனால் அகதிப் பெண்ணைப் போர்வைக்குள் ஒளித்து வைத்திருக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள்? பின்னாலிருந்து சென்னியப்பன் என் தோளைத் தொட்டுக் குனிந்து ஏதோ சொல்கிறார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்தக் கூட்டத்திலும் முதல் கேள்வி அவருடையதுதான். ஆமாங்க என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆமாங்க ஆமாங்க. மறுபடியும் மேடையிலிருந்து ஓ ஈ, மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் நான் ஒரு கணம் தாமதம். இந்தத் தாமதமான சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவின் முகத்தில். அம்மாவுக்குக் கடைசி எட்டு வருஷம் காது சுத்தமாகக் கேட்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் சிரிப்பாள். அண்ணன் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் அதை வைத்து ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். ஒன்றுமே இல்லாததற்கு மூன்று பேரும் சேர்ந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வர. நான் அதட்டவில்லை. ஒரு தடவை எனக்கே சிரிப்பு வந்தது. முதலில் அம்மாவிடம் கத்திப் பேசினோம். கத்தினால் சண்டை போடுகிற மாதிரி இருக்கிறது என்று சுருக்கிப் பேசினோம். அப்புறம் அவசியமானதை மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. என்ன சொன்னே என்பாள், நான் கேஸ் கட்டுகளைப் பிரித்துக்கொண்டே, ஒண்ணுமில்லம்மா என்பேன். என்ன விசேஷம், யார் வந்தது, ஏன் அவன் அழுகிறான், எல்லாவற்றுக்கும் ஒண்ணுமில்லம்மா. அது ஒன்றைத்தான் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டு, இன்னும் இரண்டு நாள் என்றார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன சொன்னாரு?" என்றாள். என் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு நாளில் யாரையாவது பார்க்க வேண்டும் என்றிருப்பாளோ, எதையாவது சொல்லியிருப்பாளோ. எட்டு வருஷம் ஒரு மனுஷியைத் துளித்துளியாக வீட்டுக்கு வெளியே தள்ளினவள் நான். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று எனக்கு முழுசாகத் தெரியும். அதனால்தான் மெஷின் வேண்டாம், யாருக்கும் தெரிய வேண்டாம்.

கை தட்டுகிறார்கள். கைதட்டலை நான் கண்ணால் கேட்கிறேன், காதில் அது மழை தூரத்தில் பெய்கிற மாதிரி. பிரகாசி நோட்டை மூடிவிட்டாள். சென்னியப்பன் எழுந்து கேள்வி கேட்கிறார், பிரகாசி கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்கிறாள், இன்னொருவர் கேட்கிறார், மறுபடியும் சிரிப்பு. கரண்ட் வரட்டும், இந்த நிமிஷம் வரட்டும், ஒரே ஒரு கேள்வி பதில் மைக்கில் வந்துவிட்டால் கதையின் நுனி கிடைத்துவிடும். வரவில்லை. நாச்சிமுத்து எழுந்து மேடைப் பக்கம் போய் நின்று வாயை அசைக்கிறார், அந்த அசைவு எனக்கு மனப்பாடம், செல்வி சம்பூரணம் அவர்கள். கை என் பக்கம் நீள்கிறது. எழுந்தேன். மேடைக்கு ஏழு எட்டு எடுத்துவைத்தேன். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை வைத்துக்கொண்டேன். தோழமை. ஒளித்துவைத்தல். "அவைக்கு வணக்கம். தலைவர் அவர்களே, எழுத்தாளர் பிரகாசி அவர்களே." என் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, இன்று நாம் கேட்டது தோழமையின் கதை. அப்போது பிரகாசி என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாசித்து முடித்தவர்கள் முகத்தில் ஒரு பசி இருக்கும். இத்தனை வருஷத்தில் அதை நூறு முகங்களில் பார்த்திருக்கிறேன், பெரிய பெரிய ஆட்களின் முகத்தில்கூட. என் கதை உங்களுக்கு எப்படி இருந்தது என்கிற பசி. முந்தாநாள் முடித்த கதை, யாரும் படிக்காத கதை. மாசிலாமணியின் முகத்திலும் அது இருந்தது, நான் வாயைத் திறக்கும்வரை இருந்தது. அட்டையை மடித்தேன்.

"எனக்கு இந்தக் கதை கேட்கவில்லை" என்றேன். பிரகாசியின் புருவம் ஏறியது. "எனக்குக் காது கேட்பதில்லை. இரண்டு வருஷமாக. மைக் இருந்தால் கொஞ்சம் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. நீங்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல். போன மாதம் கவிஞர் மாசிலாமணி மனைவி இறந்துபோனதைச் சொன்னார், அதுவும் எனக்குக் கேட்கவில்லை. அதனால்தான் அப்படிப் பேசினேன். எனக்குத் தெரிந்த பிறகும் ஒரு மாதம் சும்மா இருந்தேன். நாளைக்கு அவருக்குக் கடிதம் எழுதுகிறேன். தலைவர் அவர் விலாசத்தைத் தர வேண்டும். இன்றைக்கு வாசித்த கதைக்கு, அதைக் கேட்ட யாராவது நன்றி சொல்லுங்கள். கேட்காதவள் சொல்லக் கூடாது." மேடையிலிருந்து இறங்கும்போது படி எங்கே என்று தெரியவில்லை, ஆனால் கால் இறங்கிவிட்டது. இருபது பேரும் அசையாமல் இருக்கிறார்கள். யாரும் பேசாமல் இருந்தால் நானும் அவர்களும் ஒன்றுதான். அந்தச் சில விநாடிகள் எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். நாச்சிமுத்து வேகமாக வந்து, என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "ஏனுங் அம்மிணி! இத்தன நாளா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா!" கண்ணில் நீர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு என் மேல் கோபமில்லை, ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சண்டை என்றுதான் தோன்றும். சென்னியப்பன் தன் காதைத் தொட்டுக் காட்டி, விரலை வளைத்துக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தி, ஊமைக்குச் சொல்கிற மாதிரி மெஷினைப் பற்றிச் சொல்கிறார். ஒருவர் கைபேசியில் பெரிய எழுத்தில் அடித்து நீட்டினார், 'கவலைப்படாதீங்க'. எல்லார் வாயும் திடீரென்று பெரிசாகிவிட்டது, பல் தெரிய, நாக்குத் தெரிய. ஐந்து நிமிஷம் இப்படி. அதற்குப் பிறகு களைத்துப்போய் என் தலைக்கு மேலே தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். நாச்சிமுத்து ஏதோ கேட்கிறார், சென்னியப்பன் உதட்டைப் பிதுக்குகிறார், இன்னொருவர் என்னைக் காட்டி ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி விரலை மடக்குகிறார். என்னைப் பற்றித்தான். என் முன்னால், நான் இல்லாமல். இவ்வளவு சீக்கிரமா. எட்டு வருஷம் ஆகும் என்று நினைத்தேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஒவ்வொருவராக என் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். நாச்சிமுத்து கரூர் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பிரகாசியின் பஸ்ஸைப் பற்றி விசாரிக்கக் கீழே போனார்.

அறையில் சாயங்கால வெளிச்சம் மட்டும் இருந்தது, ஜன்னல் வழியாக, மஞ்சளாக. புறப்படலாம் என்று பையை எடுத்தேன். பிரகாசி ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். நோட்டை என் மடியில் வைத்தாள், முதல் பக்கத்தைத் திறந்து. நீல மை, சாய்ந்த எழுத்து, நிறைய அடித்தல். படித்தேன். 'ரோசம்மாளின் கோழியைப் பிடிக்க மூன்று ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள்.' கோழி. நான் அந்த வரியிலேயே நின்றேன். தோழி இல்லை. கோழி. நோய் பரவுகிறது என்று ஊரில் உள்ள கோழிகளை எல்லாம் அரசாங்கம் பிடித்துக்கொண்டு போகிறது, ரோசம்மாள் தன் ஒரே கோழியைப் போர்வைக்குள் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு காய்ச்சல்காரி மாதிரிப் படுத்துவிடுகிறாள், எங்க வீட்ல கோழியே கிடையாது என்று முனகுகிறாள். ஆபீசர்களோடு வந்த நர்ஸ் அவள் நாடியைப் பிடித்துப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்து கோழி முட்டையிடுகிறது. போர்வைக்குள்ளிருந்து கொக் கொக் கொக். "வாயு" என்கிறாள் ரோசம்மாள், கண்ணைத் திறக்காமல். "மூணு நாளா வயித்துல ஒரே வாயு." நர்ஸ் ரிஜிஸ்டரை எடுத்து, வாயு என்று எழுதிக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக, பிறகு வாய் வழியாக, அப்புறம் வயிற்றிலிருந்து. காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் ஒருத்தி உட்கார்ந்து, யாருடைய முகத்தையும் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உலகமே கதவைத் தட்டினாலும் விட்டுக்கொடுக்காத கை என்று கோழிக்கு நன்றியுரை சொல்லியிருப்பேன். அதை நினைத்ததும் இன்னும் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பிரகாசியின் வாய் அசைந்தது. ஈ ஆ உ. வழக்கமாக நான் ஆமா என்று தலையாட்டிவிட்டுப் படிக்கத் தொடங்கியிருப்பேன்.

"என்ன சொன்னீங்க? கேக்கலை" என்றேன்.

மறுபடி சொன்னாள். கத்தவில்லை. ஈ ஆ உ உ. நீ யாரு? நீ யாரு என்றா கேட்கிறாள்? அப்படிக் கேட்கிற பெண் இல்லை இவள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கம்மா."

அவள் சலித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு, என் இடது பக்கம் வந்து, முழங்கால் என் முழங்காலில் படக் குனிந்து, முதல் தடவை சொல்கிற மாதிரியே சொன்னாள். "டீ ஆறுதும்மா." அப்போதுதான் பார்த்தேன், கீழேயிருந்து யாரோ கொண்டுவந்து வைத்த இரண்டு டம்ளர் பக்கத்து நாற்காலியில் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.